தலைவலிக்கான வி.ஏ. மதிப்பீடு குறைக்கப்பட்டால்: முதல் கடிதத்திலிருந்து மேல்முறையீடு வரை

2022 ஜனவரியில் ஒரு மாலை அஞ்சல் பெட்டியில் கிடந்த, நாம் எல்லோரும் வி.ஏ. என்று சொல்லும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் கடிதம், ஒற்றைத் தலைவலிக்காக 2017 ஜூன் 1 முதல் எனக்கு வழங்கப்பட்டுவந்த 50 சதவீத இயலாமை மதிப்பீட்டை 10 சதவீதமாகக் குறைக்க உத்தேசித்திருப்பதாகத் தெரிவித்தது. அந்த 50 சதவீதம் திரும்பக் கிடைக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அதில் பாதியாவது என் அறியாமையால் வீணான காலம். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய தமிழர்களுக்கும், அதைவிட முக்கியமாக இந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்து அடுக்கி வைக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அந்த வீண் அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். என் தமிழையே ஒரு தகுதியாகக் கணக்கில் எடுத்த, வெளிநாட்டவருக்கான மாவ்னி திட்டத்தின் வழியாக ராணுவத்தில் சேர்ந்தவன் நான், வழக்கறிஞன் அல்லன்.

முதலில், எவ்வளவு பணம் பற்றிய பேச்சு இது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ராணுவப் பணியால் வந்த பாதிப்புக்கு வி.ஏ. மாதாமாதம் தரும் தொகை இந்தச் சதவீதத்தைப் பொறுத்தது. 2025-ஆம் ஆண்டுக்கான விகிதப்படி, குடும்பச் சேர்க்கை இல்லாத ஒருவருக்கு 50 சதவீதத்துக்கு மாதம் 1,102.04 டாலரும், 30 சதவீதத்துக்கு 537.42 டாலரும், 10 சதவீதத்துக்கு 175.51 டாலரும் கிடைத்தது. மொத்த மதிப்பீடு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மனைவி, குழந்தைகளுக்காகக் கிடைக்கும் கூடுதல் தொகையும் நின்றுவிடும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் வி.ஏ. மருத்துவமனையில் முதல் முன்னுரிமைப் பிரிவில் உள்ள இடமும், மருந்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டாம் என்ற சலுகையும் கைவிட்டுப் போகக்கூடும்.

1. வந்திருப்பது எந்தக் கடிதம் என்று பாருங்கள்

குறைப்பு தொடர்பாக இரண்டு கடிதங்கள் வரும். முதலில் வருவது உத்தேசக் கடிதம். அது இன்னும் முடிவு அல்ல என்பதால் அதன்மீது மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் பதில் சொல்ல முடியும், சொல்லியே ஆக வேண்டும். அதன் பிறகு வருவது இறுதி முடிவுக் கடிதம். மேல்முறையீட்டுக்கான ஓராண்டுக் கெடு இந்த இரண்டாவது கடிதத்தின் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

உத்தேசக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. விசாரணை கேட்பதற்கு 30 நாள். புதிய சான்றுகள் அனுப்புவதற்கு 60 நாள். கடிதத்தின் மேல் அச்சிட்டிருக்கும் தேதிதான் கணக்கு. அது உங்கள் கைக்கு வந்த நாள் அல்ல. வீடு மாறியவர்கள் வி.ஏ.வில் முகவரியை மாற்றாமல் விட்டால், கடிதம் பழைய வீட்டில் கிடக்க, கெடு முடிந்துபோகும்.

இறுதி முடிவு வந்த மறுநாளே பணம் குறைந்துவிடாது. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாள் எந்த மாதத்தில் முடிகிறதோ, அந்த மாதத்தின் கடைசி நாள்வரை பழைய தொகை தொடரும். எனக்கு முடிவு 2022 மே 5 தேதியிட்டு வந்தது. 60 நாள் ஜூலை 4-இல் முடிந்தது. ஆகஸ்ட் 1 முதல் குறைந்தது. இந்த ஆகஸ்ட் 1 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தலைவலியின் மதிப்பீடு குறைந்தாலும் உங்களுடைய மொத்தத் தொகை குறையவில்லை என்றால் உத்தேசக் கடிதம் அனுப்ப வேண்டிய கட்டாயம் வி.ஏ.வுக்கு இல்லை. மற்றப் பாதிப்புகள் சேர்ந்து 90 சதவீதம் உள்ள ஒருவருக்குத் தலைவலி 30 ஆக இருந்தாலும் 10 ஆக இருந்தாலும், அவர்கள் கணக்கிடும் முறையில் மொத்தம் 90-தான் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு நேரடியாக முடிவே வரும். தொகை மாறவில்லையே என்று அதை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

2. முதல் 30 நாளுக்குள் விசாரணை கேளுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். விசாரணை என்ற சொல்லைப் பார்த்ததும் நீதிமன்றம், கூண்டு, குறுக்கு விசாரணை என்று மனம் எங்கெங்கோ போயிற்று. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அது, உங்கள் மதிப்பீட்டைக் குறைக்க உத்தேசித்ததில் பங்குபெறாத ஓர் அலுவலரிடம் நீங்கள் நேரில் பேசும் ஒரு சந்திப்பு மட்டுமே. 30 நாளுக்குள் எழுத்துமூலம் கேட்டுவிட்டால், அந்த விசாரணை நடந்து இறுதி முடிவு வரும்வரை பழைய தொகை அப்படியே தொடரும். சான்று சேர்க்கவும் கூடுதல் காலம் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை.

கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். கடிதத்தின் தேதி, உங்கள் கோப்பு எண், குறைப்பு முடிவுக்கு முந்தைய விசாரணை வேண்டும் என்ற ஒரு வாக்கியம், கையெழுத்து. இதை வி.ஏ. இணையதளத்தில் பதிவேற்றி, ஏற்கப்பட்டதற்கான பக்கத்தைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால், சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் மட்டும் அனுப்புங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது. எப்போது அனுப்பினோம் என்று நிரூபிக்க முடியாமல் பட்டபாட்டை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

3. அங்கீகாரம் பெற்ற ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்

டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற படைவீரர் அமைப்புகளிலும், பல மாவட்ட அலுவலகங்களிலும், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஆஃபீஸர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பணம் வாங்குவதில்லை. 21-22 எண் படிவத்தில் கையெழுத்திட்டால் அந்த அமைப்பு உங்கள் பிரதிநிதியாகிவிடும். வழக்கறிஞரையோ அங்கீகாரம் பெற்ற முகவரையோ வைத்துக்கொள்வதாக இருந்தால் 21-22ஏ படிவம். அவர்கள் பெரும்பாலும் வெற்றி பெற்றால் கிடைக்கும் நிலுவைத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். 20 சதவீதம்வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்றும் விதி கருதுகிறது. குறைக்கப்பட்டதை மீட்பதில் நிலுவைத் தொகை சிறியதாகவே இருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே வழக்கறிஞரிடம் போக வேண்டிய தேவை பலருக்கு இருக்காது.

உங்கள் மதிப்பீட்டை உயர்த்தித் தருகிறோம், வருங்கால மாதத் தொகையில் இத்தனை மடங்கு எங்களுக்குத் தாருங்கள் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் பெயரைக் கேட்டு, வி.ஏ. சட்ட அலுவலகத்தின் அங்கீகாரப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

4. கோப்பையும் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்

20-10206 எண் படிவத்தில் உங்களுடைய முழுக் கோப்பையும் கேட்கலாம். அதில் குறிப்பாக, குறைப்புக்குக் காரணமான அண்மைப் பரிசோதனை அறிக்கையும், ஆதியில் மதிப்பீடு வழங்கப்பட்டபோது செய்த பரிசோதனை அறிக்கையும் வேண்டும் என்று எழுதுங்கள். வெளி ஒப்பந்த நிறுவனங்கள் செய்யும் பரிசோதனைகளின் அறிக்கை உங்கள் வழக்கமான மருத்துவப் பதிவில் தெரியாமல் போகலாம் என்பதால் இப்படித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கோப்பு வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே கடிதம் வந்த வாரமே விண்ணப்பியுங்கள். பிரதிநிதிக்குக் கணினியில் கோப்பைப் பார்க்கும் அனுமதி இருந்தால், அவர் அன்றே அறிக்கையைப் படித்துச் சொல்லிவிடுவார்.

என் அறிக்கையைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கு விளங்கியது. பரிசோதகர் உள்ளே வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். தலைவலி எப்படி என்று கேட்டார். இப்போது பரவாயில்லை என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். நம் ஊரில் காய்ச்சலோடு படுத்திருப்பவரும், பார்க்க வந்தவர் மனம் நோகக்கூடாதென்று பரவாயில்லை என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு எவரும் அவரை எழுப்பி வயலுக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் அறிக்கையில் அந்த ஒரு சொல், நோயாளி தன் தலைவலி கட்டுக்குள் இருப்பதாகத் தெரிவிக்கிறார் என்ற வாக்கியமாக மாறியிருந்தது. நீங்கள் இனிப் போகும் எந்தப் பரிசோதனையிலும், மிக மோசமான நாள் எப்படி இருக்கும், அது மாதத்தில் எத்தனை முறை வரும் என்பதை முதலில் சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், மரியாதைக்காகக் குறைக்கவும் வேண்டாம்.

அறிக்கையில் நான்கு இடங்களைப் பாருங்கள். ஆளைக் கிடத்திவிடும் தாக்குதல் உண்டா என்ற கேள்விக்கு எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்? அவை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவதாகக் குறித்திருக்கிறார்? வேலை செய்யும் திறன்மீது தாக்கம் உண்டா என்ற இடத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாரா, வெறுமனே இல்லை என்று விட்டிருக்கிறாரா? பழைய கோப்பைப் படித்ததாகச் சொல்கிறாரா? பழைய பரிசோதனை நரம்பியல் நிபுணர் ஒரு மணி நேரம் செய்ததாகவும், புதியது பத்து நிமிடத் தொலைபேசி உரையாடலாகவும் இருந்தால், அந்த வேறுபாட்டையே உங்கள் முதல் வாதமாக எழுதி வையுங்கள்.

5. உங்களுக்குப் பொருந்தும் பாதுகாப்பு எது என்று கணக்கிடுங்கள்

தலைவலிக்கான மதிப்பீடு 8100 என்ற நோய்க்குறியீட்டின்படி தரப்படுகிறது. ஆங்கிலத்தில் புராஸ்ட்ரேட்டிங் என்று அவர்கள் சொல்லும், ஆளைக் கிடத்திவிடும் தாக்குதல், கடந்த பல மாதங்களில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் 10 சதவீதம். மாதம் ஒருமுறை வந்தால் 30 சதவீதம். மிக அடிக்கடி, முழுமையாகக் கிடத்தி, நீண்ட நேரம் நீடித்து, பிழைப்பைக் கடுமையாகப் பாதித்தால் 50 சதவீதம். இதற்கு மேல் இந்தக் குறியீட்டில் இல்லை. வேலையில் இருப்பவருக்கு 50 கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. பிழைப்பைப் பாதிக்கக்கூடிய தன்மை இருந்தாலே போதும், வேலையை அடியோடு இழந்திருக்க வேண்டியதில்லை என்பதைப் படைவீரர் வழக்குகளுக்கான நீதிமன்றம் 2004-இல் பியர்ஸ் வழக்கில் ஏற்றிருக்கிறது.

குறைப்பு வழக்கில் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. புதிதாக மதிப்பீடு கேட்கும்போது நிரூபிக்கும் வேலையில் பெரும்பகுதி உங்கள் தலையில் விழும். கொடுத்ததைக் குறைக்கும்போது, குறைப்பது சரி என்று காட்டும் பொறுப்பு வி.ஏ.வுடையது. அறிக்கையில் முன்னேற்றம் தெரிந்தால் போதாது. அந்த முன்னேற்றம் அன்றாட வாழ்க்கையிலும் வேலையிலும் உண்மையில் தெரிய வேண்டும். 1993-இல் பிரவுன் எதிர் பிரவுன் வழக்கில் சொல்லப்பட்ட இந்தக் கருத்து, மதிப்பீடு கிடைத்து எத்தனை ஆண்டானாலும் பொருந்தும்.

ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் பாதுகாப்பு இன்னும் இறுகும். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 38-ஆம் தலைப்பில் 3.344-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டு நீடித்த மதிப்பீட்டைக் குறைக்கப் பயன்படும் பரிசோதனை, ஆதிப் பரிசோதனையைவிடக் குறைவுபட்டதாக இருக்கக்கூடாது. முன்னேற்றம் நீடித்து நிற்கக்கூடியது என்பதும் தெளிவாக வேண்டும். வலிப்பு, ஆஸ்துமா போன்று தற்காலிகமாகத் தணிந்து மீண்டும் வரும் நோய்களை, எல்லாச் சான்றும் ஒருமுகமாக இருந்தாலன்றி, ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக் குறைக்கக்கூடாது. அந்தப் பட்டியலில் ஒற்றைத் தலைவலியின் பெயர் இல்லை. ஆனால் பட்டியல் முதலியன என்ற பொருளில் முடிகிறது, தலைவலியோ வந்து வந்து போகும் நோய். இந்த வாதத்தைத் தயங்காமல் எழுதுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஐந்து ஆண்டு என்பது, மதிப்பீடு நடைமுறைக்கு வந்த தேதியிலிருந்து, குறைப்பு நடைமுறைக்கு வரும் தேதிவரை எண்ணப்பட வேண்டியது. உத்தேசக் கடிதம் வந்த தேதியோ, பரிசோதனை நடந்த தேதியோ இதில் எல்லை ஆகாது. உத்தேசக் கடிதம் வந்தபோது எனக்கு நான்கு ஆண்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது; நானும் எனக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே நம்பியிருந்தேன். ஆனால் 2017 ஜூன் 1-இலிருந்து 2022 ஆகஸ்ட் 1 வரை எண்ணினால் ஐந்து ஆண்டு இரண்டு மாதம். முடிவுக் கடிதத்திலோ 3.344 பற்றி ஒரு வரிகூட இல்லை. விதியைப் பின்பற்றாமல் செய்யப்பட்ட குறைப்பு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அப்படியாகும்போது பழைய மதிப்பீடு இடைவெளி இல்லாமல் திரும்ப வரும்.

பத்து ஆண்டு ஆகியிருந்தால், மோசடி போன்ற சில நிலைகள் தவிர, அந்த நோய்க்கும் ராணுவப் பணிக்கும் உள்ள தொடர்பை அறுக்க முடியாது; ஆனால் சதவீதத்தைக் குறைக்கலாம். இருபது ஆண்டு தொடர்ந்து இருந்த சதவீதத்தை, மோசடி இல்லாதவரை, குறைக்கவே முடியாது.

6. சான்றுகளைச் சேருங்கள்

எல்லாவற்றிலும் பெரிய சான்று தலைவலி நாட்குறிப்புதான். இன்றே தொடங்குங்கள். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, வாந்தி உண்டா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடிந்ததா, எந்த மருந்து எத்தனை, எங்கே எத்தனை மணி நேரம் படுத்திருந்தீர்கள், அதனால் தவறியது என்ன. கடைசிக் கேள்விக்கான விடைதான் வழக்கை நகர்த்துவது. கடுமையான தலைவலி என்று எழுதிய வரியைவிட, மதியம் 1 மணிக்கு அலுவலகத்திலிருந்து மனைவி வந்து காரில் அழைத்துப் போனாள், இரவு 9 வரை இருட்டறையில் கிடந்தேன், மகளின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போகவில்லை என்ற வரிக்கு எடை அதிகம். கிடத்திவிடும் தாக்குதல் எது என்பதை விதி விளக்கவில்லை; மிகுந்த சோர்வு, செயலற்றுப்போதல், வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாமை என்ற பொருளில் வி.ஏ.வின் உள்கையேடு அதை எடுத்துக்கொள்கிறது. உங்கள் வரிகள் இந்தப் பொருளைக் காட்ட வேண்டும். பழைய நாள்களை நினைவிலிருந்து இட்டு நிரப்பாதீர்கள். ஒரே பேனாவில் ஒரே இருக்கையில் எழுதிய நாட்குறிப்பு பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்தது மருத்துவப் பதிவு. தலைவலி வந்த நாளில் நாம் மருத்துவமனைக்குப் போவதில்லை, படுத்துவிடுகிறோம். முழங்கால் வலிக்காகப் போகும் நல்ல நாளில், இன்று தலைவலி இல்லை என்று தாதி பதிவு செய்கிறார். இந்தப் பதிவுகள் சேர்ந்து, நோய் குறைந்துவிட்டது என்ற தோற்றத்தைத் தருகின்றன. இதற்கு எளிய வழி, ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்கும் பிறகு வி.ஏ. இணையதளத்தின் பாதுகாப்பான செய்தி வசதி வழியாக உங்கள் மருத்துவருக்கு மூன்று வரி எழுதுவது. எழுதிய நாளின் தேதியோடு அது அங்கே நின்றுவிடும். மருந்தக வரலாற்றையும் எடுத்துவையுங்கள். எனக்கு மாதம் ஒன்பது டிரிப்டான் மாத்திரைகள்தான் எழுதித் தந்தார்கள்; ஒவ்வொரு மாதமும் தவறாமல் மீண்டும் வாங்கியிருப்பதே, தாக்குதல் எத்தனை முறை வந்தது என்பதற்கு நான் கேட்காமலே கிடைத்த சாட்சியாயிற்று.

மருந்து பற்றி ஒரு சொல். மருந்தால் கிடைக்கும் தணிவை, நோய்க்குறியீட்டில் மருந்தைப் பற்றிக் குறிப்பு இல்லாதபோது, மதிப்பீட்டைக் குறைக்கக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2012-இல் ஜோன்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. 8100-இல் மருந்து பற்றி ஒன்றும் இல்லை. ஆயினும் இது வி.ஏ.வுக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே இழுபறியாக இருந்துவரும் இடம். நீங்கள் மனு எழுதும் நாளில் விதி எப்படி நிற்கிறது என்பதைப் பிரதிநிதியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எப்படி நின்றாலும் உதவும் வகையில், மருந்து எடுத்தும் மாதம் எத்தனை முறை வருகிறது, மருந்து தவறினால் என்ன ஆகிறது, மருந்தே எத்தனை மணி நேரம் தூங்கவைத்துவிடுகிறது என்ற மூன்றையும் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவருக்கு வி.ஏ.வின் தலைவலிக்கான வினாப் படிவத்தை, டி.பி.க்யூ. என்று சொல்வார்கள், அச்சிட்டுக் கொண்டுபோங்கள். தனியார் மருத்துவரும் அதை நிரப்பலாம். எனக்கு நரம்பியல் மருத்துவர் 400 டாலர் வாங்கினார், வி.ஏ. மருத்துவர் நிரப்பித் தர முன்வந்தால் அதுகூட மிச்சம். வெறும் கடிதம் தருவதாகச் சொன்னால் வேண்டாம், படிவமே வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். முடிவெடுப்பவர் தேடும் கேள்விகள் அதில்தான் இருக்கின்றன.

வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் 21-10210 எண் படிவத்தில் சாட்சியம் எழுதலாம். நோயின் பெயரைச் சொல்ல அவர்களுக்குத் தகுதி இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்லத் தகுதி உண்டு. என் மனைவி முதலில் எழுதியது, இவர் மிகவும் கஷ்டப்படுகிறார் என்ற ரீதியில் இரண்டு பக்கம். சர்வீஸ் ஆஃபீஸர் அதைத் திருப்பித் தந்து, எத்தனை முறை, எத்தனை மணி நேரம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதச் சொன்னார். இரண்டாம் முறை அரைப் பக்கம்தான் வந்தது, அதைத்தான் அனுப்பினோம். ஆறு மாதம் எங்களோடு தங்கியிருந்த என் மாமியார் தமிழில் எழுதித் தந்ததை, மொழிபெயர்த்தவரின் கையெழுத்தோடு கூடிய ஆங்கிலப் பிரதியுடன் இணைத்தோம்.

50 சதவீதம் கேட்பவர்களுக்கு அலுவலகத் தாள்கள் மிகவும் முக்கியம். விடுப்புப் பதிவேடு, சம்பளமில்லா விடுப்பு காட்டும் சம்பளச் சீட்டுகள், குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தின்கீழ் மருத்துவர் நிரப்பிய சான்றுப் படிவம் ஆகியவற்றை மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். மேலாளர் தரும் சலுகைகளையும் எழுத்தில் வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஓய்வறையில் படுக்க அனுமதிக்கிறார் என்றால், வேலை பாதிக்கப்படவில்லை என்று எழுதியவருக்கு அதுவே பதில்.

7. சரியான மேல்முறையீட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையில் இருக்கும் முறையில் மூன்று பாதைகள் உண்டு. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் ஏதாவதொன்றில் நுழைந்துவிட வேண்டும்.

சப்ளிமென்டல் கிளெய்ம், 20-0995 எண் படிவம்: புதிய, தொடர்புடைய சான்று இருந்தால் இது. ஹையர் லெவல் ரிவ்யூ, 20-0996 எண் படிவம்: புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது, இருக்கும் கோப்பை மூத்த அலுவலர் ஒருவர் புதிதாகப் பார்ப்பார். மூன்றாவது, முறையீட்டு வாரியம், 10182 எண் படிவம்: சட்ட நீதிபதி ஒருவர் முடிவு செய்வார், நேரடிப் பரிசீலனை, சான்று சமர்ப்பித்தல், விசாரணை என்ற மூன்று வரிசைகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விதியை மீறினார்கள் என்பதே உங்கள் முக்கிய வாதமானால் ஹையர் லெவல் ரிவ்யூவே சரி என்பது என் கருத்து. தவறு கோப்பிலேயே இருக்கும்போது புதிய சான்று தேவையில்லை. மேலும், குறைப்புக்குப் பின் தோன்றிய சான்றுகளை, அந்தக் குறைப்பு நடந்த நேரத்தில் முன்னேற்றம் உண்மையில் இருந்ததா என்பதற்கு உதவும் அளவுக்குத்தான் பார்ப்பார்கள். 60 நாள் கெடுவுக்குள் ஒன்றுமே அனுப்பாமல் விட்டவர்களுக்குச் சப்ளிமென்டல் கிளெய்ம் பொருந்தும். ஒன்றில் தோற்றால் அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்றுக்குப் போகலாம், தொகை கணக்கிடத் தொடங்கும் பழைய தேதி காப்பாற்றப்படும். ஆனால் ஹையர் லெவல் ரிவ்யூவின் முடிவின்மீது இன்னொரு ஹையர் லெவல் ரிவ்யூ கேட்க முடியாது.

இதில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. முடிவு வந்த கோபத்தில், 21-526இஇசட் படிவத்தில் மதிப்பீட்டை உயர்த்தித் தாருங்கள் என்று புதிய விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். அது மேல்முறையீடாகாது. உயர்வு கிடைத்தாலும் பொதுவாக விண்ணப்பித்த நாளையொட்டியே கணக்காகும், வி.ஏ.வின் தோளில் இருந்த பொறுப்பும் உங்கள் தோளுக்கு மாறிவிடும். என்னுடைய இரண்டாவது தவறு இதுதான். சர்வீஸ் ஆஃபீஸர் சொல்லி அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்குள் இரண்டு மாதம் போயிற்று.

ஹையர் லெவல் ரிவ்யூ படிவத்தில் முறைசாராக் கலந்துரையாடல் வேண்டும் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான். அதுவும் தெரியாத எண்ணிலிருந்து வரும், எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். பிரதிநிதியை இணைப்பில் வைத்துக்கொண்டு, மூன்று வாக்கியம் மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னவை: மதிப்பீடு 2017 ஜூன் 1 முதல் 2022 ஆகஸ்ட் 1 வரை ஐந்து ஆண்டுக்கு மேல் நீடித்தது, முடிவில் 3.344 பின்பற்றப்படவில்லை, முன்னேற்றம் என்று காட்டப்பட்டது ஒரே பரிசோதனையில் உள்ள ஒரே வாக்கியம். வலியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதற்கு இது இடமல்ல என்று பிரதிநிதி மெதுவாக நிறுத்தினார்.

8. காலமும் செலவும்

சப்ளிமென்டல் கிளெய்ம், ஹையர் லெவல் ரிவ்யூ இரண்டுக்கும் சராசரியாக 125 நாள் என்பது வி.ஏ.வின் இலக்கு. எனக்கு ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. வாரியத்தின் நேரடிப் பரிசீலனைக்கு இலக்கு 365 நாள். விசாரணை கேட்டால் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். வாரியத்திலும் தோற்றால் 120 நாளுக்குள் படைவீரர் வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 50 டாலர், வசதியில்லாதவர்கள் விலக்குக் கேட்கலாம். இந்த 120 நாள் கெடுவை மட்டும் ஒருநாளும் தாண்டவிடாதீர்கள். நீதிமன்றத்துக்கு மட்டும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது. அரசின் நிலைப்பாடு நியாயமற்றதென்று தெரிந்தால், அவர் கட்டணத்தை அரசே கொடுக்க வைக்கும் சட்டம் இருக்கிறது.

எனக்கு ஆன மொத்தச் செலவு மருத்துவர் படிவத்துக்கு 400 டாலர், தபாலுக்கும் நகலுக்கும் 60 டாலருக்குள். வி.ஏ. படிவம் எதற்கும் கட்டணம் இல்லை.

9. முடிவு சாதகமாக வந்த பிறகு

முடிவுக் கடிதத்தில் மீட்பு நடைமுறைக்கு வரும் தேதி, குறைப்பு தொடங்கிய அதே நாளா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிந்திய தேதி இருந்தால், அதை மீட்பாகக் கருதாமல் புதிய உயர்வாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதன்மீதும் மேல்முறையீடு செய்யலாம். இடைப்பட்ட மாதங்களின் வித்தியாசம் மொத்தமாக வங்கிக் கணக்குக்கு வரும். வட்டி தரமாட்டார்கள், வருமான வரியும் கிடையாது.

பிறகு குடும்பச் சேர்க்கையைச் சரிபாருங்கள். மதிப்பீடு 10-க்கு இறங்கியபோது நின்றுபோன மனைவி, குழந்தைகளுக்கான தொகை, 50 திரும்பியவுடன் தானாக வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். வந்த நிலுவையைக் கணக்குப் பார்த்தபோது தனியாளுக்கான விகிதமே இருந்தது. 21-686சி படிவத்தை மீண்டும் நிரப்பி, திருமணச் சான்றும் மகளின் பிறப்புச் சான்றும் இணைத்து அனுப்பிய பின்புதான் அது சரியாயிற்று.